குளிர் தணிந்து மேகம் மூடுகிறது: வங்கக் கடல் புயலால் வேலூருக்கு என்ன நேரும்?

கேள்வியின் சாரம் இது. கேட்டவர் வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறார். மொட்டைமாடியில் ஒரு வெப்பமானியும், தானே செய்துகொண்ட ஒரு மழைமானியும் வைத்து நாள்தோறும் குறித்து வருகிறார். மார்கழி பிறந்தது முதல் காலைக் குளிர் 16 டிகிரி வரை இறங்கியிருந்தது. இரண்டு நாளாக 21 டிகிரிக்குக் கீழே வரவில்லை, வானமும் மூடிக் கிடக்கிறது. தென்கிழக்கு வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புயலாக வலுப்பெற்று, சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடக்கலாம் என்று செய்தியில் சொல்கிறார்கள். குளிர் விட்டதற்கும் புயலுக்கும் தொடர்பு உண்டா, கடலிலிருந்து இவ்வளவு தள்ளியிருக்கும் வேலூர் கவலைப்பட வேண்டுமா, வீட்டிலிருந்தபடி எதைக் கவனிக்கலாம் என்பவை அவருடைய மூன்று கேள்விகள்.

வேலூரிலிருந்து மாமல்லபுரக் கடற்கரை நேர்க்கோட்டில் ஏறக்குறைய 120 கிலோமீட்டர். காற்றைப் பொறுத்தவரை இந்த 120 கிலோமீட்டர் தரை நமக்கு நல்ல காவல். மழையைப் பொறுத்தவரை அது காவலே இல்லை. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: வடஆர்க்காட்டுக்கு, அதாவது வேலூரைச் சுற்றிய இந்தப் பகுதிக்கு, புயல் கிழக்கிலிருந்து வரும், வெள்ளமோ மேற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் வரும். எல்லாரும் தொலைக்காட்சியில் கடலையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, நமக்கு உண்மையில் தொல்லை தரக்கூடிய தண்ணீர் கோலார், சித்தூர் பக்கத்து மேட்டு நிலங்களிலும் ஜவ்வாது மலைச் சரிவுகளிலும் விழுந்துகொண்டிருக்கும். அதனால் புயலுக்கு என்ன பெயர் வைத்தார்கள், கரையைக் கடக்கும்போது வேகம் எவ்வளவு என்பவற்றைவிட, அது எந்த இடத்தில் கடக்கிறது, கடந்தபின் எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்ற இரண்டையும்தான் வேலூர்க்காரர் பார்க்க வேண்டும்.

முதலில் குளிர். வேலூர் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்குச் சற்று மேலே, சுற்றிலும் பாறைக் குன்றுகள் நிற்க, பாலாற்றுப் பள்ளத்தாக்கில் அமைந்த ஊர். மார்கழி, தை மாதங்களில் வானம் தெளிந்து, காற்றடங்கி, ஈரப்பதம் குறைந்திருக்கும் இரவுகளில் தரை தன் வெப்பத்தைத் தடையின்றி மேலே விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, மலைச் சரிவுகளிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. இதனால்தான் சனவரியில் சென்னையின் காலை வெப்பநிலையைவிட வேலூரின் காலை வெப்பநிலை வழக்கமாக மூன்று டிகிரி அளவுக்குக் குறைவாக இருக்கிறது. இன்னும் உயரமான திருப்பத்தூர் இதையும் விடக் குளிரும். கே.வி.குப்பம், பள்ளிகொண்டா பக்கம் விடியற்காலையில் போகிறவர்கள் செங்கல் சூளைப் புகை மேலே எழாமல் ஓர் உயரத்தில் தட்டையாகப் பரவி நிற்பதைப் பார்த்திருக்கலாம். கீழே குளிர்ந்த காற்று, மேலே அதைவிட வெதுவெதுப்பான காற்று என்று அடுக்கு தலைகீழாகக் கிடப்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. போகியன்று காலையில் ஊரே புகையில் மூச்சுத் திணறுவதற்கும் இதே அடுக்குதான் காரணம்.

இந்த ஏற்பாட்டைக் கலைக்க மேகம் போதும். தரையிலிருந்து கிளம்பும் வெப்பத்தை மேகம் உறிஞ்சி ஒரு பங்கைத் திருப்பி அனுப்புவதால் இரவு குளிர்வதில்லை. அதே மேகம் வெயிலை மறைப்பதால் பகலும் ஏறுவதில்லை. ஆகவே காலை வெப்பநிலை 16-இலிருந்து 21-க்கு ஏறியதை மட்டும் பார்த்துக் குளிர்காலம் முடிந்தது என்று நினைக்கக் கூடாது. பகலின் உச்ச வெப்பநிலை எவ்வளவு குறைந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி தெளிந்த நாளில் 12, 13 டிகிரி வரை இருக்கும். அது ஐந்து, ஆறு டிகிரிக்குச் சுருங்கியிருந்தால் கடலிலிருந்து ஈரக் காற்று உள்ளே வந்துவிட்டது என்று பொருள். புயல் அருகில் வந்த நாள்களில் இந்த இடைவெளி இரண்டு, மூன்று டிகிரியாகக்கூடக் குறைவதுண்டு. அன்று வெப்பமானி 22 டிகிரி காட்டினாலும், ஈரமும் காற்றும் சேர்ந்து, 16 டிகிரிப் பனிக் காலையைவிட அதிகமாக உடம்பை நடுக்கும்.

புயல் வெகு தொலைவில், இலங்கைக்குக் கிழக்கே இருக்கும்போது இதற்கு நேர்மாறானதும் நடக்கும் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். தெற்கே தாழ்வு மண்டலம் வலுப்பெறும்போது அது வடக்கிலிருந்து வறண்ட காற்றைத் தன் பக்கம் இழுக்கிறது. அந்த வாடை ஆந்திர உள்நிலங்களைக் கடந்து நம் மேல் வருவதால் ஓரிரு நாள் வானம் பளிச்சென்று இருந்து குளிர் கூடும். கேட்டவர் குறித்து வைத்த 16 டிகிரிக் காலைகளில் கடைசி இரண்டு, மூன்று இந்த வகையைச் சேர்ந்திருக்கக் கூடும். அதற்குப் பிறகுதான் தென்கிழக்கிலிருந்து நூல் பிரித்தாற்போன்ற உயர்ந்த மேகம் வானத்தில் பரவும், மறுநாள் அது தடித்துச் சாம்பல் நிறமாகும், அதன்பின் தாழ்ந்த மேகத் துணுக்குகள் விரைந்து ஓடத் தொடங்கும். முந்தைய நாள்களில் விடியற்காலை இருசக்கர வண்டி இருக்கையைத் துடைக்காமல் உட்கார முடியாதபடி பனி இறங்கியிருந்து, இன்று இருக்கை காய்ந்து கிடந்தால், மேகம் இரவிலேயே வந்துவிட்டது என்று எந்தக் கருவியும் இல்லாமல் சொல்லிவிடலாம்.

இனி கருவிகள். மொட்டைமாடி வெப்பமானியின் எண்களை ஒரு நாளோடு இன்னொரு நாளை ஒப்பிட வைத்துக்கொள்ளலாம். வானிலை மையத்தின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. பகல் முழுதும் வெயிலை வாங்கிய கான்கிரீட் தளம் இரவிலும் வெப்பத்தை விட்டுக்கொண்டிருப்பதால், மாடியில் காலைக் குறைந்த வெப்பநிலை இரண்டு டிகிரி வரை கூடுதலாகத் தெரியலாம். வானிலை நிலையங்களில் வெப்பமானியைக் காற்றோட்டமுள்ள வெள்ளை மரப்பெட்டியில், தரைக்கு மேல் ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டர் உயரத்தில், புல்தரையில் வைப்பது இதைத் தவிர்க்கத்தான். வீட்டுத் தோட்டத்தில் நிழலான இடம் இருந்தால் அதை அங்கே மாற்றிவிடுவது நல்லது. கைப்பேசிச் செயலி காட்டும் வெப்பநிலை பெரும்பாலும் அளந்த எண் அல்ல, வானிலையைக் கணக்கிடும் கணினி மாதிரி உங்கள் ஊர் அடங்கிய நிலச் சதுரத்துக்குக் கணித்த எண்; அதை உங்கள் ஏட்டில் ஏற்ற வேண்டாம்.

மழைமானிக்குப் பக்கங்கள் நேராக நிற்கும் பாத்திரம் போதும். வாய் அகலமும் அடி அகலமும் ஒன்றாக இருந்தால் தேங்கிய தண்ணீரின் உயரமே மழையளவு. சுவரோரமும் மரத்தடியும் ஆகாது. மாடிக் கைப்பிடிச் சுவரை ஒட்டி வைத்தால் காற்றோடு சாய்ந்து வரும் மழையில் பாதி சுவரில் போய்விடும். காலை 8.30 மணிக்கு அளந்து, அதை முந்தைய 24 மணி நேர மழையாக எழுதுங்கள், ஏனென்றால் வானிலை ஆய்வுத் துறையின் மழை நாள் 8.30 முதல் 8.30 வரைதான். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை, 115.6-ஐத் தொட்டால் மிக கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை. புயல் நாளில் மட்டும் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை அளந்தால், மழை எந்த நேரத்தில் கொட்டியது என்பது தெரியும். பிறகு ஆற்றில் நீர் எப்போது ஏறியது என்பதோடு பொருத்திப் பார்க்க அது உதவும்.

காற்றழுத்தமானி இருந்தால், அல்லது அழுத்த உணரி உள்ள கைப்பேசி இருந்தால், ஒரு பொறியைத் தவிர்க்க வேண்டும். நம்முடைய அட்சரேகையில் காற்றழுத்தம் நாள்தோறும் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும்: காலை பத்து மணியளவிலும் இரவு பத்து மணியளவிலும் உச்சம், மாலை நான்கு மணியளவிலும் விடியற்காலை நான்கு மணியளவிலும் தாழ்வு. காலை பத்துக்கும் மாலை நான்குக்கும் இடையே மூன்று, நான்கு மில்லிபார் இறங்குவது மேகமே இல்லாத நாளிலும் நடக்கும். இதைப் பார்த்துவிட்டுப் புயல் நெருங்குகிறது என்று பதறிச் செய்தி அனுப்புகிறவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம். ஆகவே இன்று காலை பத்து மணி எண்ணை நேற்றுக் காலை பத்து மணி எண்ணோடு மட்டுமே ஒப்பிடுங்கள். அந்த ஒப்பீட்டில் இரண்டு மில்லிபார் குறைந்திருந்தால் கவனிக்கத் தக்கது. நான்கைத் தாண்டினால் மையம் நம் பக்கம் வருகிறது என்று கொள்ளலாம். ஊரின் உயரத்தால் கருவி கடல் மட்டத்து அழுத்தத்தைவிட ஏறக்குறைய 25 மில்லிபார் குறைவாகக் காட்டும்; அதைக் கண்டு மிரள வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது செலவே இல்லாத ஒன்று: காற்றின் திசை. நம் அரைக்கோளத்தில் தாழ்வு மண்டலத்தைச் சுற்றிக் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. ஆகவே காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் உங்கள் இடக்கைப் பக்கத்தில், சற்று முன்னே தள்ளி, தாழ்வின் மையம் இருக்கும். வாடை வீசினால் மையம் கிழக்கே. வடகிழக்குக் காற்றானால் தென்கிழக்கே. கொண்டல், அதாவது கிழக்குக் காற்று, வீசினால் தெற்கே. ஆனால் வேலூரில் தரைமட்டக் காற்றை அப்படியே நம்பிவிட முடியாது. பாலாற்றுப் பள்ளத்தாக்கு கிழக்கு மேற்காகக் கிடப்பதாலும், கோட்டைக்குக் கிழக்கே குன்றுகள் வரிசையாக நிற்பதாலும், தெருவில் வீசும் காற்று திரும்பித்தான் நம்மிடம் வந்து சேர்கிறது. அதற்குப் பதிலாக, குன்றுகளின் தலையை உரசிக்கொண்டு ஓடும் தாழ்ந்த மேகங்கள் எந்தத் திசையிலிருந்து வருகின்றன என்று பாருங்கள். அவை மலைகளுக்கு மேலே உள்ள காற்றோடு போகின்றன; அவற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் மையம் ஏறக்குறைய நேர் இடப்பக்கம். அசையாத தென்னையின் உச்சியையோ மின்கம்பத்தையோ குறியாக வைத்து ஒரு நிமிடம் பார்த்தால் மேகத்தின் திசை தெளிவாகிவிடும். மார்கழியில் வடகிழக்குக் காற்று எப்படியும் வீசிக்கொண்டுதான் இருக்கும் என்பதால், ஒரே ஒரு பார்வையில் முடிவுக்கு வரக் கூடாது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பார்த்து, திசை எந்தப் பக்கமாகத் திரும்புகிறது என்று குறிக்க வேண்டும்.

அந்தத் திரும்பலில்தான் பதில் இருக்கிறது. வடகிழக்கு, கிழக்கு, தென்கிழக்கு என்று வலஞ்சுழியாகத் திரும்பினால் மையம் நமக்குத் தெற்கே கடந்து போகிறது. அதாவது நாம் புயலின் வடபக்கத்தில் இருக்கிறோம், கடலின் ஈரக் காற்று நேராக நம் மேல் வருகிறது, மழை கூடும். வடக்கு, வடமேற்கு, மேற்கு என்று இடஞ்சுழியாகத் திரும்பினால் மையம் நமக்கு வடக்கே போகிறது. நமக்கு வரும் காற்று தரையின் மேல் சுற்றி வந்த காற்று, மழை குறையும், குளிர் மட்டும் மிஞ்சும். திசை மாறாமல் அழுத்தம் மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தால் மையம் ஏறக்குறைய நம்மை நோக்கியே வருகிறது.

அண்மைக் காலப் புயல்களை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். 2018 நவம்பரில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கடந்த கஜா டெல்டாவைச் சூறையாடியது, ஆனால் வடஆர்க்காட்டுக்கு வெகு தெற்கே போய்விட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் நம் கரையை ஒட்டியே வடக்கே நகர்ந்து ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையேறியது. சென்னை மூழ்கிய அந்த இரண்டு நாள்களில் வேலூர் அதே அளவு மழையைப் பார்க்கவில்லை, ஏனென்றால் நாம் அதன் மேற்குப் பக்கத்தில், தரைக் காற்றில் இருந்தோம். 2016 டிசம்பர் 12-இல் வர்தா சென்னையில் நேராகக் கரையேறி, சில மணி நேரத்தில் வலுவிழந்து, வடதமிழக உள்மாவட்டங்களின் வழியே மேற்கே போயிற்று. 2020 நவம்பர் 25 நள்ளிரவையொட்டிப் புதுச்சேரிக்கு வடக்கே கடந்த நிவர்தான் நமக்கு மிகவும் பொருத்தமான பாடம்: கடந்தபின் அது வடமேற்கிலும் வடக்கிலும் திரும்பி வடஆர்க்காட்டை ஒட்டியே நகர்ந்தது, வழியெங்கும் பெய்தது, சித்தூர் மலைகளில் விழுந்த மழை பொன்னையாற்றில் வெள்ளமாக இறங்கி வந்தது.

இப்போது மெதுவாக நகர்வதன் கொடுமை. 2024 நவம்பர் 30-இல் புதுச்சேரி அருகே கடந்த ஃபெஞ்சல், காற்றைப் பொறுத்தவரை ஒரு சாதாரணப் புயல். கடந்தபின் பல மணி நேரம் ஏறக்குறைய அதே இடத்தில் நின்றுவிட்டது. விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் 50 சென்டிமீட்டரை ஒட்டிய மழை. மறுநாள் திருவண்ணாமலையில் மண்சரிவு. அதற்கும் அடுத்த காலைக் கணக்கில், கடலிலிருந்து வெகு தொலைவில், கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர். ஊத்தங்கரை எங்கே இருக்கிறது என்பதை வேலூர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. திருப்பத்தூர் எல்லையைத் தாண்டினால் ஊத்தங்கரை, ஜவ்வாது மலைக்கு அந்தப் பக்கம். அந்த மழைப் பட்டை சற்று வடக்கே விழுந்திருந்தால் அத்தனை தண்ணீரும் தென்பெண்ணைக்குப் போகாமல் பாலாற்றுக்கு வந்திருக்கும். கடலிலிருந்து தள்ளியிருக்கிறோம் என்ற நிம்மதிக்கு இதற்கு மேல் மறுப்பு வேண்டாம்.

புயலே ஆகாத ஒன்றுதான் பாலாற்றில் இந்தத் தலைமுறை கண்ட பெரிய வெள்ளத்தைக் கொண்டுவந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 2021 நவம்பர் 19 விடியற்காலையில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கடந்தது வெறும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். அதற்குப் பெயர்கூடக் கிடையாது. அதற்கு ஒரு வாரம் முன்னர், நவம்பர் 11-இல், இன்னொரு தாழ்வு மண்டலம் சென்னை அருகே கடந்திருந்ததால் மண் ஊறிக் கிடந்தது, ஏரிகள் நிரம்பிக் கோடி (உபரிநீர் வழியும் இடம்) போய்க்கொண்டிருந்தன. வேலூரின் ஆண்டு மழை 100 சென்டிமீட்டரை ஒட்டியது. சென்னையைப் போல் அல்லாமல், அதில் தென்மேற்குப் பருவத்து மாலை இடிமழைகளின் பங்கு வடகிழக்குப் பருவமழையின் பங்குக்குக் குறைந்ததல்ல. நல்ல ஆண்டில் புரட்டாசி முடிவதற்குள்ளேயே ஏரிகள் பாதிக்கு மேல் நிரம்பிவிடும், அதன் மேல்தான் ஐப்பசி, கார்த்திகை மழை விழும். அந்த நவம்பர் 19 மழையில் ஆந்திரத்தின் திருப்பதி, சித்தூர் பக்கமும் நம் பக்கமும் ஒருசேரப் பெய்ததால் வாலாஜா அணைக்கட்டில் பாலாற்றின் நீர்வரத்து விநாடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. 1903 நவம்பரில் வாணியம்பாடியைப் புரட்டிப் போட்ட வெள்ளத்துக்குப் பிறகு இப்படி ஒன்றைப் பார்க்கவில்லை என்று பலரும் சொன்னார்கள். பேரணாம்பட்டில் வீடு இடிந்து ஒன்பது பேர் இறந்ததும் அன்றுதான்.

ஆகவே வேலூரில் இருப்பவர் கடலோர நிலவரத்தைப் பார்ப்பதோடு, தண்ணீர் வரும் வழிகளையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். பாலாறு கர்நாடகத்தில் தோன்றி, ஆந்திரத்தின் குப்பம் பக்கத்தைக் கடந்து, புல்லூர்த் தடுப்பணை தாண்டி வாணியம்பாடிக்கு வருகிறது. பிறகு பேரணாம்பட்டு, ஆம்பூர்ப் பக்கத்து மலட்டாறும், மோர்தானா அணை வழியாகக் குடியாத்தம் நகரைப் பிளந்துகொண்டு வரும் கவுண்டன்ய ஆறும், ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் அகரம் ஆறும் சேர்கின்றன. இவை வேலூர் நகருக்கு மேலே சேர்பவை. இவற்றின் மழை நகரின் கரைகளைத் தொடும். பொன்னை ஆறு சித்தூர் மாவட்டத்திலிருந்து திருவலம் வழியாக வந்து நகருக்குக் கீழே, வாலாஜா அணைக்கட்டுக்குச் சற்று மேலே சேர்வதால், அதன் வெள்ளம் இராணிப்பேட்டை, ஆர்க்காடு பக்கத்தைத்தான் பாதிக்கும். வேலூரில் மழை விட்டுப் பல மணி நேரம் கழித்து, சில வேளை வெயில் அடிக்கும் மறுநாளில்கூட ஆற்றில் நீர் ஏறும். விரிஞ்சிபுரம் போன்ற இடங்களில் தரைப்பாலத்தில் வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அந்த வெயில் நேரத்தில்தான் போகிறார்கள். அங்கே கைப்பேசியோடு நிற்பவர்களை என்னால் எந்த வகையிலும் ஆதரித்துப் பேச முடியாது. மோர்தானா நிரம்பி வழிகிறதா, சித்தூர் மாவட்டத்து அணைகளில் நீர் திறந்துவிடுகிறார்களா என்ற இரண்டு செய்திகளையும் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பில் பார்க்கலாம். ஐயம் இருந்தால் 1077 என்ற மாவட்டப் பேரிடர் எண்ணில் கேட்கலாம்.

ரேடார் படத்தைப் பார்க்கும் பழக்கம் இப்போது பலருக்கும் வந்துவிட்டது, நல்லதுதான். ஆனால் சென்னை ரேடாரின் கதிர் பூமியின் வளைவால் வேலூருக்கு மேல் வரும்போது ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் போகிறது. குளிர்காலத்து மேகங்கள் தாழ்வானவை. ஆகவே படம் வெறுமையாக இருக்க, வெளியே நசநசவென்று தூறிக்கொண்டிருப்பதைக் கண்டு வியப்படைய வேண்டாம். மலைச் சரிவில் காற்று ஏறுவதால் பிறக்கும் மழையும் இதே காரணத்தால் அந்தப் படத்தில் குறைவாகவே தெரியும். அமிர்தி, ஆலங்காயம் பக்கத்து மழையைக் கணிக்க ரேடாரைவிட அங்கே இருக்கும் உறவினருக்கு ஒரு போன் போடுவது மேல்.

கார்த்திகைக்குப் பிறகு மழையில்லை, கர்ணனுக்குப் பிறகு கொடையில்லை என்ற பழமொழியை நம்பலாமா என்று கேட்டால், பெரும்பாலும் நம்பலாம், முழுக்க நம்ப முடியாது. மார்கழியில் கடல் சற்றுக் குளிர்ந்துவிடும், வடக்கிலிருந்து வரும் வறண்ட காற்று மண்டலத்துக்குள் புகுந்து மேகங்களைத் தின்னும், மேலடுக்குக் காற்று அதன் உச்சியைச் சாய்க்கும். கடலில் பெரிதாகத் தெரிந்து கரைக்கு வருமுன்னே கரைந்துபோகும் மண்டலங்கள் இந்த மாதத்தில் அதிகம். ஆனால் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கடந்தது 2011 டிசம்பர் 30-இல், அதாவது மார்கழி நடுவில். 2021-இல் பொங்கல் வரை மழை நீடித்து, சனவரி 19-இல்தான் பருவமழை விலகியதாக அறிவித்தார்கள். இப்போதைய மண்டலம் கடலிலேயே வலுவிழக்கும் வாய்ப்பு கணிசமானது என்பது என் எண்ணம். அப்படி நடந்தால் நமக்கு இரண்டு நாள் தூறலும் குளிர்ந்த பகலுமாக முடியும். ஆனால் வலுவிழந்தது என்ற அறிவிப்பு காற்றைப் பற்றியது என்பதை 2021 நவம்பர் நமக்குக் காட்டியிருக்கிறது. புயல் என்ற பட்டம் காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால் கிடைக்கிறது. அந்தக் கணக்கில் மழைக்கு இடமே இல்லை.

காற்றால் வரும் சேதத்தை வேலூரில் மிகைப்படுத்த வேண்டியதில்லை, அலட்சியப்படுத்தவும் கூடாது. கரையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய காற்று இங்கே வருமுன் பாதியாகக் குறையும். மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று ஊறிய மண்ணில் வாழையையும் முருங்கையையும் சாய்க்கப் போதும். குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுப்பது, முருங்கையின் நீண்ட கிளைகளைக் கழிப்பது, மாடியில் கிடக்கும் தகரத்தையும் தண்ணீர்த் தொட்டி மூடியையும் கட்டி வைப்பது ஆகியவற்றை இன்றே செய்யலாம். அறுவடைக்கு நிற்கும் சம்பா நெல்லுக்குக் காற்றைவிட வடியாத தண்ணீர்தான் எமன். வயலின் வடிகால் வாயைத் திறந்து வைத்துவிடுங்கள். மண்சுவர் வீட்டில் இருப்பவர்கள் மழை விட்டதும் ஆபத்து நீங்கியதாக நினைக்க வேண்டாம். ஊறிய சுவர் பெய்யும்போதும் விழும், மழை நின்று ஒரு நாள் கழித்தும் விழும்.

புயல் போன பிறகும் ஏட்டை மூட வேண்டாம், ஏனென்றால் குளிர்காலத்தின் அடுத்த கட்டம் அங்கேதான் தொடங்குகிறது. மையம் மேற்கே போனதும் ஓரிரு நாள் ஈரக் காற்று நீடிக்கும். பிறகு வாடை திரும்பி வானம் தெளியும்போது காலை வெப்பநிலை இரண்டே நாளில் நான்கு, ஐந்து டிகிரி இறங்கும். இப்போது தரை ஈரமாக இருப்பதால், முன்பு பனித்துளியோடு நின்ற இடத்தில் மூடுபனி வரும். ஆம்பூர், பள்ளிகொண்டா வழியாகச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் காலை ஏழு, எட்டு மணி வரை எதிரே வரும் லாரி தெரியாத நாள்கள் பெரும்பாலும் மழைக்குப் பிந்திய இந்தத் தெளிந்த நாள்கள்தான். அந்த வாரத்தில் விடியலுக்கு முன்னே கிளம்பும் பயணங்களை இரண்டு மணி நேரம் தள்ளி வைப்பது நல்லது. குடியாத்தம் பக்கத்து மாந்தோப்புக்காரர்களுக்கும் இந்த நாள்கள் முக்கியம்: பூவெடுக்க வறண்ட குளிர் வேண்டும், பூத்த பிறகு மூடுபனியும் ஈரமும் நீடித்தால் பூ கருகிச் சாம்பல் நோய் பிடிக்கும். காலைக் குறைந்த வெப்பநிலை, பனியா மூடுபனியா, அது எத்தனை மணிக்கு விலகியது என்ற மூன்றையும் தை முடியும்வரை எழுதி வாருங்கள். மழையளவை மட்டும் எழுதும் ஏட்டில் இந்த மூன்றும் விட்டுப்போகின்றன, மாவட்டத்து விவசாயி கேட்பது பெரும்பாலும் இவற்றைத்தான்.